இரண்டு அம்மாக்களுக்கு நடுவே சத்யபிரியா

என் தம்பி மனைவி சத்யபிரியாவைப் பற்றி எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். "தங்கமான பொண்ணுங்க, வாயே தொறக்காது" என்பார்கள். இந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்காதது தங்கம் என்றால் நான் தகரம். இருந்துவிட்டுப் போகிறேன். தகரமாவது தட்டினால் சத்தம் போடும்.

நான் ஜோசலின். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். "புரியலைன்னா கேளுங்கடா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவளுக்கு, குடும்பத்திலும் ஒருத்தி கொழுக்கட்டையோடு நின்றால் எப்படி இருக்கும்? சத்யா அப்படித்தான் நின்றாள். என்ன கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். "ஒண்ணுமில்லக்கா."

அவள் பிறந்து வளர்ந்தது மாடம்பாக்கம். சிவன் கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. ஆறாவது படிக்கும்போது அப்பா விபத்தில் போய்விட்டார். அம்மா தனக்கோடிக்குப் பொத்தேரியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார். "நான் வந்து கால நீட்டி உக்காந்தேன்னா, பசிக்குதுனுகூட சொல்லாது என் புள்ள. காய்ச்சல் வந்தாலும் போர்வைய இழுத்து மூடிகினு படுத்துடும்" என்று அந்த அம்மா என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காய்ச்சல் வந்த குழந்தை அம்மாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லும்?

என் தம்பி பிரிட்டோ பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சத்யா அங்கே பி.காம். முதல் வருஷம். நோட்ஸ் நகல் எடுக்க வந்தவள்தான். என்னத்தை எடுத்தார்களோ, முதல் வருஷம் முடிவதற்குள் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலையோடு நின்றார்கள். அவளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. படிப்பு அதோடு சரி. "படிப்ப முடிச்சிட்டு பண்ணியிருக்கக் கூடாதாடி?" என்று கேட்டேன். வேறென்ன சொல்வாள், ஒண்ணுமில்லக்காதான்.

அடுத்து என் அம்மா அருள்மேரி. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு அன்பியத்துக்கு, அதாவது சர்ச் ஜெபக்குழுவுக்கு, அவர்தான் தலைவி. வீடு வீடாகப் போய் ஜெபத்துக்கு ஆள் சேர்க்கிறவர் என்பதால், எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பார். தனக்கோடிக்கும் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. முதல் நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் ஆகவில்லை. சத்யா இளைத்தால் அது மாமியார் வீட்டுச் சாப்பாட்டின் குற்றம். மாடம்பாக்கம் போய்வந்து ஒரு தும்மல் போட்டால் அது அம்மா வீட்டுத் தண்ணீரின் குற்றம். அந்தப் பெண் 'ஆ' என்றால்கூட அதை எடுத்துக்கொண்டு இந்த வீடு அந்த வீட்டின் மேல் பாயும்.

கல்யாணமாகி மூன்றாம் மாதமே தெரு ஆரம்பித்துவிட்டது. "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" பூசை முடிந்து வெளியே வந்தால் அதே கேள்வி. பால் வாங்கப் போனால் அதே கேள்வி. பிரிட்டோவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். "டேய், அவளுக்கு இன்னும் உடம்பே தேறல. ரெண்டு வருஷம் போகட்டும். டாக்டரப் போய்ப் பாருங்க, வழி சொல்வாங்க."

"இன்னாக்கா நீ, இதெல்லாம் போய் டாக்டர்கிட்ட பேசிகினு" என்று வெட்கப்பட்டான் துரை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போக வெட்கமில்லை, டாக்டரிடம் நான்கு வார்த்தை கேட்க மட்டும் வெட்கம்! கொஞ்ச நாளில் சத்யாவுக்கு வாந்தி ஆரம்பித்தது. இரண்டு அம்மாக்களும் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தார்கள்.

ஊரப்பாக்கம் பக்கத்து சுகாதார நிலையத்தில் பதிந்தார்கள். அங்கே இருந்த நர்ஸ் முதல் நாளே தெளிவாகச் சொன்னார். "இருபது வயசுகூட ஆகல, முதல் பிரசவம் வேற. ரத்தம் கம்மியா இருக்கு. மாத்திரைய விடாதீங்க. பிரஷர் பாக்க சொல்ற தேதிக்கு வந்துடணும். நல்லாத்தான இருக்கானு நீங்களா முடிவு பண்ணாதீங்க." நானும் கூட நின்று கேட்டேன். என் அம்மாவும் தலையை ஆட்டினார். பிரிட்டோவும் ஆட்டினான். எல்லோருக்கும் தலை நன்றாகத்தான் ஆடுகிறது.

இரும்புச் சத்து மாத்திரையைப் பார்த்ததும் தனக்கோடி, "அத்த போட்டா புள்ள கறுத்துப் பொறக்கும்" என்றார். என் அம்மா விடுவாரா? "கவர்மெண்டு சும்மாவா குடுக்குது, போடு" என்றார். சத்யா என்ன செய்தாள் தெரியுமா? ஊரப்பாக்கத்தில் போட்டுக்கொண்டாள். மாடம்பாக்கம் போகும் நாட்களில் நிறுத்திவிட்டாள். இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருந்தாளாம். உடம்பு யாருடையது என்று நான் கேட்டதற்கு ஒரு சிரிப்பு.

ஏழாம் மாதம் ஊரப்பாக்கம் வீட்டில் வளைகாப்பு. முதலில் பங்குச் சாமியார் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். பிறகு சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சாதம், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். வளையல் வாங்கியது முழுக்கத் தனக்கோடி. ஆனால் புருஷன் இல்லாதவர் என்பதால் மகள் கையில் ஒரு வளையல்கூடப் போடாமல் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார். கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் ஜோசி, நல்ல நாளும் அதுவுமா" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கி வீசியிருப்பேன். அத்தனை பேர் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். அன்று சத்யா கையை அசைத்தால் வீடு முழுக்கக் கலகலவென்று கேட்டது. பிள்ளை பிறக்கும் வரை அந்த வளையலைக் கழற்றக் கூடாது, ஒன்றுகூட உடையக் கூடாது என்று சொல்லி அன்று மாலையே அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

குழப்பம் அங்கேதான் தொடங்கியது. வளைகாப்பு முடிந்து போன பெண், பிள்ளையோடுதான் புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமாம். பரிசோதனை தேதி வந்தபோது தனக்கோடி, "அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க வூட்டுத் தெரு வழியா போவணும். அவங்க வந்து இட்டுகினு போகட்டும்" என்று இருந்துவிட்டார். என் அம்மா, "பொண்ண அவங்ககிட்ட ஒப்படைச்சாச்சு, இனிமே அவங்க பொறுப்பு. நாம போய் நின்னா, நம்பல போலனு பேசுவா" என்று இருந்துவிட்டார். சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் பிரிட்டோவுக்கு போன் போட்டிருக்கிறார். "அவ அம்மா வூட்ல கீறா மேடம்" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டான் அந்த அறிவாளி. அந்தத் தேதி போனது. அடுத்த தேதியும் போனது. ஊரப்பாக்கத்துக்கும் மாடம்பாக்கத்துக்கும் நடுவில் என்ன கடலா இருக்கிறது? ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆனாலும் ஒருவரும் போகவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அரையாண்டுப் பரீட்சைத் தாள்களில் தலையை விட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சத்யாவுக்குப் பிடிக்குமே என்று கொஞ்சம் பிளம் கேக் வாங்கிக்கொண்டு மாடம்பாக்கம் போனேன். தனக்கோடி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா ஜோசி, எங்க வூட்டுக்கு வந்து எப்டி தேறிட்டா! உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு. கன்னத்தப் பாரு, கையப் பாரு."

பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. சத்யா எனக்கு டீ கொண்டுவந்து நீட்டினாள். கை நீண்டது, வளையல் சத்தம் வரவில்லை. ஏன் என்று பார்த்தால், அத்தனை வளையலும் மணிக்கட்டில் சதையோடு சதையாக அழுந்திக் கிடந்தன. ஓரம் சிவந்து கன்றிப்போயிருந்தது. ஒரு விரலால் நகர்த்திப் பார்த்தேன். அசையவில்லை.

"சத்யா, என்னடி இது? வலிக்கலயா?"

"ஒண்ணுமில்லக்கா."

"தலை கிலை வலிக்குதா?"

அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "வெயில்ல... லேசா. ஒண்ணுமில்ல."

டிசம்பர் மாதம்! வெயிலாம்! "நீர் கோத்துகினு கீது ஜோசி. பார்லி தண்ணி குடுத்துகினுதான் கீறேன்" என்றார் தனக்கோடி. கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் மேலே சொன்ன கதை முழுக்க வெளியே வந்தது. டீயை அப்படியே கீழே வைத்தேன். "கிளம்புடி ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

கிளம்ப விட்டால்தானே? "ராகு காலம் நடக்குது ஜோசி, ஆறு மணி ஆவட்டும்" என்று தனக்கோடி கதவுக்குக் குறுக்கே நின்றார். என் அம்மாவுக்கு போன் போட்டேன். அவர் ராகு காலம் பார்க்காதவர், ஆனால் அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. "ஞாயித்துக்கெழமைல எந்தப் பெரிய டாக்டர் இருப்பா? நாளைக்குக் காலைல பூசை முடிச்சிட்டு நானே வர்றேன். அவ அம்மா கிட்ட கொஞ்சம் உப்பு கம்மியா போடச் சொல்லு, எல்லாம் அவ கை உப்புதான்." நான் போனிலேயே கத்தினேன். "அம்மா, ஒரு வார்த்த பேசாத. பிரிட்டோவ இட்டுகினு நேரா தாம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வா." கத்தியதில் எனக்கே 'இட்டுகினு' வந்துவிட்டது. ராகு காலத்தை என் தலையில் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி, சத்யாவை ஆட்டோவில் ஏற்றினேன். தனக்கோடியும் அழுதுகொண்டே ஏறினார். கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது சத்யா வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள், "ஒண்ணுமில்லக்கா". நடு ரோட்டில் அவளை இரண்டு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்வதற்கும் என் அம்மாவும் பிரிட்டோவும் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. உள்ளே நர்ஸ் கேட்டார். "தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா? மேல் வயிறு வலிக்குதா?" சத்யா இடது பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். வலது பக்கம் நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். பார்த்தவர் மறுபடியும் ஒருமுறை பார்த்தார். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. முகம் மாறிவிட்டது. "எல்லாரும் வெளிய போங்க" என்று ஒரு சத்தம் போட்டுத் திரையை இழுத்தார். நான் பையை வைத்துக்கொண்டு மூலையில் நின்றதால் என்னை மட்டும் விட்டுவிட்டார்.

"இப்ப சொல்லும்மா. யாரும் இல்ல."

சத்யா சொன்னாள். ஒரு வாரமாகத் தலை பிளக்கிறது. கண்ணுக்கு முன்னால் மின்னல் மாதிரி வெட்டுகிறது. நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்து இழுக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை. அத்தனையும் அந்தச் சின்ன வாய்க்குள் இருந்திருக்கிறது.

"ஏண்டி பாவி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"எப்டிக்கா சொல்றது? அம்மாகிட்ட சொன்னா, மாமியார் வூட்ல உன்ன பட்டினி போட்டாங்க, அதான்னு சொல்லும். அத்தைகிட்ட சொன்னா, உங்கம்மா பாத்துக்கலனு போன்லயே சண்டைக்குப் போவும். நீங்க அத்தைய திட்டுவீங்க. எனக்கு எது வந்தாலும் யாரோ ஒருத்தருக்குத் திட்டு வுழுது. நான் சும்மா இருந்தா எல்லாரும் நல்லா இருப்பாங்கனு பாத்தேன்."

எல்லாரும் நல்லா இருப்பாங்கனு பாத்தாளாம். பத்தொன்பது வயது.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். சிறுநீரில் புரதம் போகிறது, ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்றார். "தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வலிப்பு வராம இருக்க ஊசி போடுறோம். பிரஷர் கொஞ்சம் இறங்கினதும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். எட்டு மாசம்தான் ஆகுது, ஆனா இதுக்கு மேல காத்திருக்க முடியாது. சின்ன வயசு, முதல் பிரசவம், இவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்னு சொல்லியிருப்பாங்களே? கையும் முகமும் வீங்குனப்பவே ஏன் வரல?" கேட்டுவிட்டு ஊசிக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

அடுத்த வம்பு வளையலில் வந்தது. ஊசிக்கு நரம்பு தேட வேண்டும், ஆபரேஷனுக்குக் கையில் எதுவும் இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. உடைக்க வேண்டும் என்றதும் தனக்கோடி ஓடி வந்து மகளின் இரண்டு கையையும் மூடிக்கொண்டார். "புள்ள பொறக்காம ஒடைக்காதீங்கம்மா, உங்க கால்ல வுழறேன்." ராகு காலமெல்லாம் பார்க்காத என் அம்மாவும், "வேற வழி கீதானு பாருங்க சிஸ்டர், சுமங்கலிப் பொண்ணு" என்று பக்கத்தில் போய் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். தலையில் அடித்துக்கொண்டேன்.

"அவ உயிரு போய்கினு கீது, வளையல் வளையல்ன்றீங்களே! மனுஷங்களா நீங்க?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

தனக்கோடி நிமிர்ந்தார். "அவங்கப்பா போனப்ப என் கையில ஒடச்சாங்க ஜோசி. அந்த சத்தம் இன்னும் காதுல கீது. என் புள்ள கையில அத்த கேக்க முடியாது என்னால."

சத்யாதான் மெல்ல, "நீ வெளிய போய் காத மூடிக்கம்மா. ஒடைக்கட்டும்" என்றாள். தனக்கோடி வெளியே போகவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு மகளின் தோளைப் பிடித்தபடி நின்றார். நர்ஸ் மணிக்கட்டைத் துணியால் சுற்றி, ஒவ்வொன்றாக நசுக்கி எடுத்தார்.

அன்று இரவே பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. குழந்தையை வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிரிட்டோ அதைப் பார்த்துவிட்டு வந்து என் தோளில் சாய்ந்து, "நான் ஒரு நாள் கடைய மூடியிருந்தா போதுமேக்கா" என்று அழுதான். ஆமாம்டா, போதும்தான் என்றேன். அவனைத் தேற்ற எனக்கு மனசில்லை.

மூன்றாம் நாள் சத்யாவை வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தனக்கோடி ரசம் சாதத்தோடு, இந்தப் பக்கம் என் அம்மா ஆட்டுக்கால் சூப்போடு. நான் பள்ளிக்கூடம் முடிந்து நேராக வந்திருந்தேன். நர்ஸ் வந்தார். "எப்டிமா இருக்க?"

"நல்லா கீறா சிஸ்டர்" என்றார் தனக்கோடி.

"கர்த்தர் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல" என்றார் என் அம்மா.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. கேட்டது அவளை, பதில் சொல்வது இவர்களா என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"சிஸ்டர், நில்லுங்க. நான் நல்லா இல்ல. காலையிலேர்ந்து தலை வலிக்குது. கண்ணு மறுபடி மின்னுது."

நர்ஸ் திரும்பி ஓடி வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், சூப்பு சூடுன்னு" என்று தனக்கோடி ஆரம்பித்தார். "இன்னா சூப்பு? உன் ரசத்துல மொளகா தூக்கல்" என்று என் அம்மா எழுந்தார்.

"அம்மா, சும்மா இரு. அத்த, நீங்களும்." வார்டு முழுக்கக் கேட்டது. "சண்ட போடணும்னா ரெண்டு பேரும் வெளிய போய்ப் போடுங்க. எனக்கு வலிக்குது."

என் அம்மாவை யாராவது 'சும்மா இரு' என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. நர்ஸ் பட்டையைச் சுற்றினார். பிரஷர் மறுபடி ஏறியிருந்தது. "நல்ல வேளை சொன்னம்மா. பிரசவம் ஆன பிறகும் இது ஏறும், நிறைய பேருக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

நான் சத்யாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வளையல் அழுந்திய தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"இன்னும் என்னடி பண்ணுது? எல்லாத்தையும் சொல்லு" என்றேன்.

"தையல் வலிக்குது. ரசம் உறைக்குது. சூப்பு புடிக்கல. பாப்பாவ பாக்கணும், யாரும் கூட்டிட்டுப் போக மாட்றாங்க. நீங்க கத்துறதுல காது வலிக்குதுக்கா."

சொல்லுடி, இன்னும் சொல்லு என்றேன். கத்தித்தான் சொன்னேன்.